ஒதியங்கொம்பில் முளைத்த பலகை

ஏழுமடைச் சீமையில ஏச்சுக்கல்லுன்னு ஒரு கல்லு உண்டு, இன்னும் அங்கனதான் கெடக்கு, அதச் சுத்தி இப்போ பதினோரு பலகை நிக்குது, அந்தப் பலகைகளுக்கெல்லாம் மூத்த பலகைய எழுதின கை இந்தக் கை, அதனால இந்தக் கதைய நான் சொல்றதுதான் மொறை. வேற எவனாவது சொன்னா எனக்குப் பரிஞ்சு பேசிருவான்.

எங்க சீமைக்கு ஏழு மடை, ஏழு ஊரு, ஒரு பெரிய குளம். மூணாம் மடைக்குப் பக்கத்துல இடுப்பளவு உசரத்துக்கு அந்தக் கல்லு. யாருக்கு யாரு மேல வருத்தம்னாலும், அது ஆம்பளையோ பொம்பளையோ, சாமியாடியோ சாணி அள்ளுறவளோ, அதுல ஏறி நின்னு, ஏச வேண்டியவன் பேரச் சொல்லிக் கூப்பிட்டு, மனசுல உள்ளதக் கொட்டித் தீத்துரலாம். பேரு விழுந்தவன் எப்பேர்ப்பட்ட கொம்பனா இருந்தாலும் கல்லுக்கு முன்ன வந்து நிப்பான், ஏசுறவ வாய மூடுற வரைக்கும் நகர மாட்டான், முடிஞ்சதும் தொண்டை வறண்டு நிக்கிறவளுக்கு அவன் கையாலயே ஒரு செம்பு தண்ணி குடுப்பான். இத எவனும் எழுதி வைக்கல. எழுதி வைக்கணும்னு எவனுக்கும் தோணவும் இல்ல.

அந்தக் காலத்துல ஆடு மேய்க்கிற ஒருத்தி, காலையில கல்லேறினவ உச்சி வெயில் வரைக்கும் ஜமீந்தார ஏசியிருக்கா. அந்த மனுசன் தலைப்பாகைய அவுத்துக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, மண்டை காய நின்னு கேட்டுட்டு, கடைசியில வெள்ளிச் செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்திருக்காரு. அவ குடிச்சிட்டு செம்போட வீட்டுக்குப் போயிட்டா. அதயும் ஒருத்தரும் ஒன்னும் கேக்கல. மழை பெய்யாத வருசம் அய்யனாரையே ஏசியிருக்கோம், அவருக்குப் பதிலா பூசாரி நின்னு தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டாரு, தண்ணியும் குடுத்தாரு. மழை வந்துச்சான்னு கேக்காதீங்க, அது வேற விசயம்.

இப்பேர்ப்பட்ட ஊருல ஏச்சுக்குன்னே பொறந்தவ எங்க அக்கா சண்முகவடிவு. மடைத்தெருவுல இட்லிக்கடை வச்சிருந்தா. அவ கல்லேறினா ஏழு ஊரும் வேலையப் போட்டுட்டு வந்து நிக்கும். "ஏ தலைவரே, ரோட்டுல குழி இருக்கா, இல்ல குழிக்குள்ள ரோடு இருக்கா, அத மட்டும் சொல்லும், நான் எறங்கிருதேன்"னு அவ ஒரு நாள் பஞ்சாயத்துத் தலைவரக் கேட்ட கேள்விக்கு, அந்த மனுசன் தண்ணி குடுக்கும்போது வழியில சிந்தினது போகச் செம்புல பாதிதான் இருந்துச்சு. பத்து நாளுல ரோடு வந்துச்சு. அவ நாக்க நாங்க ஊரோட அருவான்னு சொல்லுவோம், எனக்கு அதுல பெருமைன்னா பெருமை.

அவளுக்கு ஒரே பிள்ளை. கொம்பையா, ஏழு வயசு, கருப்பட்டி மிட்டாய்னா உசுரு. ஆவணி மாசம் ஒரு மத்தியானம் மூணாம் மடைப் பக்கத்துல கசம்னு சொல்ற ஆழம் தெரியாத பள்ளத்துல எறங்கினான், ஏறி வரல. அக்கா கல்லுக்குப் போகல. யார ஏசுவா, தண்ணியவா? பதினாறாம் நாள் கழிஞ்சு, வீடுகளுக்கும் கடைகளுக்கும் பேருப்பலகை எழுதிப் பொழைக்கிற என்கிட்ட வந்து நின்னா.

"ஏலே நயினாரு, ஒரு பலகை எழுதி அங்க நடுலே. இன்னொருத்தி வயித்துல இந்தத் தீ விழக் கூடாதுலே."

அழுதுக்கிட்டேதான் எழுதினேன். "இங்கே குளிக்கக் கூடாது"ன்னு எழுதணும், கண்ணு கலங்கினதுல எடம் பத்தாமப் போயி, கடைசி 'து' மட்டும் கீழ எறங்கித் தனியாத் தொங்கிப் போச்சு. அடியில எதையாவது போட்டாத்தான் பலகைக்கு ஒரு லட்சணம்னு 'உத்தரவு'ன்னும் போட்டு வச்சேன். யாரு உத்தரவு? எங்க அக்கா அழுகைதான் உத்தரவு. பலகைக்குக் காலா, வேலியோரத்துல கெடந்த ஒதியங்கொம்பு ஒன்ன வெட்டி ஆணியடிச்சு, கசத்துக் கரையில நட்டேன். ஒதி பெருத்தா உத்தரம் ஆகுமான்னு பழமொழியே இருக்கு, ஆனா நட்டா முளைக்கிறதுல அத அடிச்சுக்க வேற மரம் கெடையாது.

ஐப்பசி மழைக்கு அது தளிர்த்துச்சு. அதுல ஒன்னும் அதிசயம் இல்ல. கார்த்திகையில கிளை விட்டுச்சு, அதுலயும் இல்ல. மார்கழியில அந்தக் கிளை நுனியில உள்ளங்கையகலத்துக்கு ஒரு பலகை காய்ச்சு நின்னுச்சு, பச்சைப் பலகை, தை பொறக்கிறதுக்குள்ள முத்தி வெளுத்து, அதுல எழுத்தும் தெரிஞ்சுச்சு: "இங்கே மாடு குளிப்பாட்டக் கூடாது. உத்தரவு." என் கையெழுத்து. அந்தத் 'து' கூட அதே மாதிரி கீழ எறங்கித் தொங்குது.

ஊரு என்ன பண்ணுச்சுன்னு நெனைக்கீங்க? "நயினாரு வேலையத்துப் போயி எழுதி மாட்டியிருக்கான்"னு ரெண்டு நாள் என்னப் பேசிச்சு. மூணாம் நாள் இன்னொன்னு காய்ச்சதும் "அட, மரம்தான் காய்க்குது"ன்னு தெளிஞ்சு, மாட்டக் குளிப்பாட்ட வேற மடைக்கு ஓட்டிக்கிட்டுப் போயிருச்சு. அவ்வளவுதான். டீக்கடையில பேப்பர் வாசிக்கிற மாதிரி, "இன்னைக்கு என்ன காய்ச்சிருக்கு?"ன்னு காலையில ஒரு நடை போயிப் பாத்துட்டு வருவாங்க. "கரையில் ஓடக் கூடாது"ன்னு காய்ச்ச அன்னைக்கு, "நல்லதுதானய்யா, வழுக்கும்லா?"ன்னாங்க. "சத்தமாகச் சிரிக்கக் கூடாது"ன்னு காய்ச்ச அன்னைக்கு, "அதான பாத்தேன், சில பயலுவ சிரிப்பு காதக் கிழிக்குது"ன்னாங்க. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு நியாயம் கண்டுபிடிக்கிறதுல எங்க ஊரு ஆளுகளுக்கு இணை கெடையாது.

அதுக்கப்புறம்தான் எங்க ஆளுகளால மட்டும் செய்ய முடிஞ்ச தப்பச் செஞ்சோம். பலகை வந்த வருசத்துல கசத்துல ஒரு பிள்ளையும் முங்கல. "பலகைதான் காப்பாத்துச்சு"ன்னாங்க. சரசுவதி பூசைக்கு ஒருத்தி அந்த மரத்துக்குச் சந்தனம் குங்குமம் வச்சா, அடுத்தவ மஞ்சத்துணி கட்டினா, ஆடியில பொங்க வச்சு, பலகைமாடசாமின்னு பேரும் விட்டு, சேவல் நேந்துக்கிட்டாங்க. முடிஞ்சுச்சு. மஞ்சக் குங்குமம் பாத்த மரத்துல எங்க சீமையில எவனும் இரும்பு வைக்க மாட்டான்.

தச்சன் மகராசன் மட்டும் ஒரு நாள் கோடாலியத் தூக்கிக்கிட்டு வந்தான். "இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து நிற்கக் கூடாது"ன்னு காய்ச்சதுல அவனோட மூணு அண்ணன் தம்பிகளும் ஒரே நேரத்துல கொளத்துக்குப் போக முடியாமப் போச்சு. "சாமியாவது பூதமாவது, நான் நித்தம் வெட்டுற மரத்துக்கு நான் பயப்படவா?"ன்னு ஓங்கினவன் முன்னாடி, முந்தானைய இழுத்துச் சொருகிட்டு மரத்தக் கட்டிப் பிடிச்சு நின்னது யாருன்னு நெனைக்கீங்க? எங்க அக்கா.

"வெட்டுவியாலே? வெட்டு! மொதல்ல என்ன வெட்டு! எம்புள்ள பேரால நிக்குற மரம்லே இது!"

அவன் கோடாலியப் போட்டுட்டு அழுதுட்டான். அவ சொன்னது பொய்யா? இல்லையே. மொதப் பலகை நெசம்தான. அந்த ஒரு நெசத்தப் பிடிச்சுக்கிட்டு அதுக்கு மேல காய்ச்ச அத்தன 'கூடாது'வையும் நாங்க தலையில தூக்கி வச்சுக்கிட்டோம்.

அது தானாப் பரவியிருந்தாக் கூட ஏழு ஊருக்கும் போக அம்பது வருசம் ஆயிருக்கும். நாங்கதான் பரப்பினோம். ஒதியங்கொம்ப ஒடிச்சு நட்டா முளைக்கும்லா? மருமக வாய அடக்க மாமியா ஒரு கொம்ப ஒடிச்சு அடுப்பங்கரை வாசல்ல நட்டா, மாமியா கண்ணக் கட்ட மருமக ஒரு கொம்பக் கொல்லையில நட்டா, பக்கத்து வீட்டுக்காரன் கோழி வரக் கூடாதுன்னு இவன் நட்டான், இவன் ரேடியோ கேக்கக் கூடாதுன்னு அவன் நட்டான், தன் வீட்டுக்குன்னு எவனும் கேட்டு வாங்கல, எல்லாரும் அடுத்தவனுக்காகத்தான் வாங்கினாங்க. வச்சவனுக்கு வேணுங்கிறதையா அது காய்க்கும்? அது பாட்டுக்குக் காய்ச்சுது. ரெண்டு வருசத்துல ஏழு ஊருலயும் நெழலு விழாத எடம் கெடையாது.

விசாரிக்க ஆபீசுல இருந்து ஒரு அதிகாரி வந்தாரு. மரத்தச் சுத்திச் சுத்தி வந்து, ஒவ்வொரு பலகையா வாசிச்சு, "கீழ உத்தரவுன்னு போட்டிருக்கா? போட்டிருக்கு. அப்ப மேல இருந்து வந்ததுதான்"னு எழுதிக்கிட்டுப் போனாரு. மேல இருந்தவங்க அதப் பாத்துட்டு, கீழ இருந்து வந்தது போலன்னு கையெழுத்துப் போட்டுட்டாங்களாம். அடுத்த மாசம் ஒரு கொட்டகையும், நாலு நாற்காலியும், ஒரு ரப்பர் முத்திரையும் வந்து எறங்குச்சு. மரம் காய்க்கும், கொட்டகை முத்திரை குத்தும். பலகை பாத்து நடக்கிற பையன்னு சொன்னாப் பொண்ணு குடுத்தாங்க. "எதப் பேசினாலும் நம்ம சீமையில கேக்க ஆளுண்டா?"ன்னு மார் தட்டின சனம், எச்சில் முழுங்குறதுக்கு முன்னாடியும் ஒருக்கா அண்ணாந்து பாத்துக்கிடப் பழகிருச்சு.

இனி அக்காவுக்கு வருவோம். கொம்பையா போன அந்த ஆவணி நாளுல, வருசா வருசம், அவ கசத்தோரம் முழங்காலளவு தண்ணியில எறங்கி, நாலு கருப்பட்டி மிட்டாயத் தண்ணிக்குள்ள விட்டுட்டு, "தின்னுய்யா"ன்னு சொல்லிட்டு ஏறி வருவா. அவளுக்கு அதுதான் தெவசம், அதுதான் கோயிலு, அதுதான் அந்த வருசத்தத் தாங்குறதுக்கு உள்ள பெலம். நாலாம் வருசம் மிட்டாயோட போனா, "எக்காரணம் கொண்டும் நீரில் இறங்கக் கூடாது"ன்னு காய்ச்சிருக்கு. கரையில உக்காந்து அழுதா. மறுநாள் "கரையில் அழக் கூடாது"ன்னு ஒன்னு, இலைக்குள்ள இருந்து தலைய நீட்டுச்சு.

அக்காவுக்கு வந்துச்சே ஒரு கோவம்! நேரா ஏச்சுக்கல்லுல போயி ஏறினா. பழைய சண்முகவடிவு.

"ஏ பலகைமாடா! செத்த மூதி! ஒன்ன நட வச்சது நான், ஒனக்குத் தண்ணி ஊத்தினது எங்கண்ணு, எம்புள்ளைக்கு நாலு மிட்டாய் குடுக்க எனக்கே தடுக்கியோ? எறங்கி வா முன்னால!"

முன்ன மாதிரின்னா ஊரே கூடியிருக்கும். கூடுச்சு, ரெண்டு ரெண்டு பேரா, எட்ட எட்ட. ஆனா ஏச்சக் கேக்கல, பயந்து போயி மரத்தப் பாத்துச்சு. "வடிவக்கா, எறங்கு... ஒன்னால எங்களுக்கும் வம்பு"ன்னு பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு. யாரும் செம்பெடுக்கல. நான்? எனக்கு அவ கூடப்பொறந்தவ. நானும்தான் சொன்னேன், "யெக்கா, எறங்குக்கா"ன்னு. அவ என்ன ஒரு பார்வை பாத்தா. தண்ணி குடிக்காம ஏச்சுக்கல்ல விட்டு எறங்கின மொத ஆளு எங்க அக்காதான். மறுநா விடியும்போது கல்லடியில ஒரு கன்னு முளைச்சிருந்துச்சு: "இங்கே ஏசக் கூடாது."

அந்த வாரம் அவ என் வீட்டுக்கு வந்தா.

"நயினாரு, எழுதினவன் நீ. நீயே மாத்தி ஒன்னு எழுதிருலே. கூடாதுன்னு எழுதின கைக்குக் கூடும்னு எழுத வராதா?"

எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. நல்ல தகரம் வாங்கி, வெள்ளையடிச்சு, ஒவ்வொரு எழுத்தா அளந்து, எதுவும் தொங்காம எழுதினேன்: "இங்கே ஏசலாம்." கீழ உத்தரவு போடல. ஒதியங்கொம்பு வேண்டவே வேண்டாம்னு இரும்புக் குழாய்ல மாட்டி, கல்லுக்குப் பக்கத்துல சிமெண்டு போட்டு நட்டேன். ஊரு கை தட்டுச்சு. எங்கக்கா என் மோவாயத் தொட்டு முத்தம் குடுத்தா. அத நெனச்சா இன்னைக்கும் நெஞ்சு வேகுது.

இரும்புக் குழாய் எங்கயாவது தளிர்க்குமா? தளிர்த்துச்சு.

அதுக்கு முன்னாடியே சனம் கேக்க ஆரம்பிச்சிருச்சு. "இங்கேன்னு போட்டிருக்கு, அப்ப வேற எங்கயும் ஏசக் கூடாது போல?" "ஏசலாம்னா எத்தன மணிக்கு?" "யாரு வேணாலுமா, இல்ல எழுதிக் குடுத்தவங்க மட்டுமா?" மரம் காது குடுத்துக் கேட்டுச்சோ என்னவோ, கேட்டதுக்கெல்லாம் பதில் காய்ச்சுது. "திங்கள்கிழமை பத்து மணி முதல் பதினொரு மணி வரை." "முன் அனுமதி பெற்ற பின்." "பெயர் குறிப்பிடாமல்." "குரல் உயர்த்தாமல்." நூறு நூறு வருசமா ஒரு எழுத்தும் இல்லாம ஆகாசத்துக்குக் கீழ சும்மா கெடந்த கல்லு. அத உண்டுன்னு எழுதிக் காட்டின அன்னைக்குத்தான் அது இல்லாமப் போச்சு, அந்தப் பாவமும் இந்தக் கைக்குத்தான்.

அக்கா கொட்டகைக்குப் போயி எழுதிக் குடுத்தா. மூணு திங்கக்கிழமை வரிசையில நின்னா. நாலாவது திங்கக்கிழமை அவளக் கல்லுல ஏத்தினாங்க. பேரு சொல்லக் கூடாது, சத்தம் போடக் கூடாது, கையில தாள். "மூணாம் மடைப் பக்கம்... நீரில் எறங்குறது சம்பந்தமா... ஒரு மனக்குறை"ன்னு பிள்ளைக வாய்ப்பாடு சொல்ற மாதிரி வாசிச்சா. கொட்டகை ஆளு பதிஞ்சுக்கிட்டு, "நல்லாப் பேசினீங்கம்மா. இதே மாதிரி நடந்துக்கிட்டா, அடுத்த ஆவணிக்கு எறங்க அனுமதி வந்தாலும் வரும்"னான்.

அந்தச் சொல்லு ஒன்னுதான் எங்கக்காவ முடிச்சுது. அதுக்கப்புறம் அவ நல்ல பேரு எடுக்க ஆரம்பிச்சா. இட்லிக்கடையில கடன் சொல்லிட்டு ஓடுறவனக் கூட ஏசுறதில்ல. கரையோரம் போனா வாய முந்தானையால பொத்திக்கிடுவா. கண்ணீரு வந்தா வீட்டுக்குள்ள ஓடிப் போயி, அடுக்களையிலயும் பலகை இருக்கிறது ஞாபகம் வந்து, முழுங்கிக்கிடுவா. எனக்கு எரிச்சலா வரும். "யெக்கா, ஒன் வாய் எங்கக்கா போச்சு?"ன்னு கேப்பேன். "சும்மா இருலே, அனுமதி வரட்டும்"பா.

ஆவணி வந்துச்சு. அந்த நாளும் வந்துச்சு. புதன்கிழமை. அனுமதி வரல, பரிசீலனையில இருக்காம். அக்கா குளிச்சு, வெள்ளச் சேலை கட்டி, தாளுல மடிச்ச மிட்டாயோட, மொதப் பலகைக்கு அந்தப்பக்கம் போகாம, சரியா அதுக்கு நேராக் கோடு போட்ட மாதிரி நின்னா. கசம் பத்தடி தூரத்துல கெடக்கு. வெயிலுக்கு மிட்டாய் உருகித் தாளெல்லாம் ஊறி, அவ மணிக்கட்டு வழியா எறும்பு ஏறுது. நான் எறங்கியிருக்கலாம். பத்தடிதான. அவ கையில இருந்து வாங்கி ஒரு எட்டுல போயி விட்டுட்டு வந்திருக்கலாம், என்ன பண்ணிருவாங்க, என்னக் கட்டி வச்சு அடிப்பாங்களா? எறங்கல. அண்ணாந்து பலகையப் பாத்தேன், அந்தத் தொங்குற 'து'வப் பாத்தேன், காலு வரல. பொழுது சாஞ்சதும் அவ மிட்டாயோடயே திரும்பி வீட்டப் பாத்து நடந்தா.

அவ பின்னாலயே போனேன். அடுப்படியில இருந்த செம்ப எடுத்துத் தண்ணி மோந்தேன். அவ முன்னாடி, ஏச்சு வாங்குறவன் எப்படி நிக்கணுமோ அப்படி, தலையக் குனிஞ்சு நின்னேன்.

"யெக்கா, என்ன ஏசு. பலகை எழுதினது நான், கல்லுல நின்னவள எறங்குன்னது நான், இன்னைக்குத் தண்ணியில எறங்காத பேடி நான். பேரச் சொல்லி ஏசுக்கா. நாக்கப் பிடுங்கிக்கிட்டுச் சாகுற மாதிரி ஏசு. தண்ணி கொண்டாந்திருக்கேன்."

அவ என்ன நிமிந்து பாத்தா. ஒதடு அசைஞ்சுது. வந்துருச்சு, வந்துருச்சுன்னு எனக்கு ஒடம்பெல்லாம் பூரிச்சுது. அவ கண்ணு மெதுவா என் தோளத் தாண்டி வாசலுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துச்சு.

"இன்னைக்குப் புதன்கிழமைலா தம்பி"ன்னா.

அப்புறம் எறும்பத் தட்டி விட்டுட்டு, அந்த மிட்டாய என் கையில வச்சா. "இந்தா, நீ தின்னு. வீணாப் போகும். அவனுக்கு அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

செம்பு நெறையத் தண்ணியோட வெளிய வந்தேன். குடிக்க மனசு வரல, கீழ வைக்கவும் எடம் தெரியல. வாசல்ல ஒரு கன்னு புதுசா முளைச்சு, இன்னும் எழுத்துப் பிடிக்காத பச்சைப் பலகையோட வாடி நின்னுச்சு. அதோட தூர்ல ஊத்திட்டு வந்துட்டேன்.